அடிக்காத காற்று

மூணாறில் நான் வேலை பார்க்கும் பள்ளிக்கூடத்தில் ஒரு நாள் காலை அசெம்பிளியில் எனக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் அட்லாண்டிக் கடலில் வீசிய ஒரு புயல் எந்த வழியாகப் போனது என்று கண்டுபிடித்ததற்காக. பிள்ளைகளுக்கு அது என்னவென்று சரியாகப் புரியவில்லை, ஆனாலும் நன்றாகக் கைதட்டினார்கள். அவர்களையெல்லாம்விட அதிகமாகக் கைதட்டியவள் எனக்குப் பக்கத்தில் நின்றிருந்தாள். அந்தப் புயல் அந்த வழியாகப் போனதற்கு ஒரு சாட்சியும் கிடையாது என்பது அவளுக்கு அன்றைக்கே தெரியும்.

நான் கிழக்குப் பாலக்காட்டுக்காரி. மலைத்தொடர் விட்டுக்கொடுத்த இடைவெளியில் எங்கள் தோட்டம் இருக்கிறது. மார்கழி, தை மாதங்களில் கிழக்கிலிருந்து காற்று அந்த இடைவெளிக்குள் நுழைந்தால் ராத்திரி பகல் பார்க்காது. துணி காயப்போட்டால் வேலி தாண்டிப் போய் எடுத்துவர வேண்டும். ஆனி, ஆடியில் அதே காற்று மேற்கிலிருந்து சாரலோடு வரும். காற்று எந்தத் திசை என்று எங்கள் வீட்டில் யாரும் யாரையும் கேட்டதில்லை. வாசலில் நின்றால் தெரிந்துவிடும். பிறகு நான் பூகோளம் படித்தேன், பூகோள டீச்சரானேன், மூணாறில் வேலை கிடைத்தது. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. பள்ளிக்கூடத்துக்குக் கீழே சரிவில் ஒரு குவார்ட்டர்ஸில் இருந்தேன்.

பள்ளிக்கூடங்கள் மூடிக் கிடந்த அந்த வருஷத்தில்தான் இந்த வேலைக்குள் வந்தேன். பழைய பாய்மரக் கப்பல்களின் பதிவேடுகளைப் படமெடுத்து இணையத்தில் போட்டிருந்தார்கள். அந்தக் கையெழுத்தைப் படித்துத் தட்டச்சு செய்து கொடுக்க உலகம் முழுக்க ஆட்கள் தேவைப்பட்டார்கள். சம்பளம் ஒன்றும் இல்லை. அன்றைக்குச் செயற்கைக்கோள் கிடையாது, கம்பியில்லாத் தந்தி கிடையாது. நடுக்கடலில் புயல் வந்தால் அதற்குள் மாட்டிக்கொண்ட கப்பலுக்கு மட்டும்தான் தெரியும். கப்பலில் ஓர் அதிகாரி சில மணி நேரத்துக்கு ஒருமுறை காற்றின் திசையையும் வேகத்தையும் காற்றழுத்தம் காட்டும் பாரமானியின் அளவையும் எழுதி வைப்பார். அப்படி நாலைந்து கப்பல்கள் வெவ்வேறு இடத்தில் எழுதி வைத்ததை ஒன்றாகச் சேர்த்தால், புயலின் மையம் எங்கே இருந்தது, எப்படி நகர்ந்தது என்று வரைபடத்தில் கோடு போடலாம். அந்தக் கோடுகளில் பாதி இன்றைக்கும் தப்பாகவோ முழுமையில்லாமலோ இருக்கின்றன. புயல்கள் காலப்போக்கில் எப்படி மாறியிருக்கின்றன என்று சொல்ல வேண்டுமானால் பழைய கோடுகள் சரியாக இருக்க வேண்டும். எனக்கு அது உடனே பிடித்துப்போயிற்று.

பாலக்காட்டுக்குப் போயிருந்தபோது அண்ணனிடம் சொன்னேன். சிரித்தான்.

"ஏனம்முணி, நம்ம தோட்டத்துல காத்துக்கு உழுந்த தென்னைய இன்னும் ஒருத்தனும் வந்து பாக்குல. கண்காணாத கடல்ல எப்பவோ அடிச்ச காத்துக்கு நீ கணக்கெழுதிட்டிருக்கறே."

பள்ளிக்கூடம் திறந்தபோது இங்கிலீஷ் பாடத்துக்குப் புதிதாக ஒரு கெஸ்ட் டீச்சர் வந்தாள். சின்னக்கானல் பக்கத்து எஸ்டேட்டில் பிறந்து வளர்ந்தவள். அப்பா இல்லை, அம்மா கொழுந்து கிள்ளுகிறவர். தினக்கூலி மாதிரியான வேலை அவளுடையது. மார்ச்சில் முடிந்துவிடும், ஜூனில் மறுபடி இன்டர்வ்யூவுக்குப் போய் நிற்க வேண்டும். தினமும் ஜீப்பில் வந்துபோவது கஷ்டமாக இருக்கிறது என்றாள். என் குவார்ட்டர்ஸில் ஓர் அறை சும்மா கிடந்தது. வந்து தங்கிக்கொள் என்றேன்.

ஒரு சாயங்காலம் நான் ஒரு கப்பல் பக்கத்தோடு போராடிக்கொண்டிருந்தேன். அவள் டீ டம்ளரோடு பின்னால் வந்து நின்றாள்.

"அக்கா, அது 'ஸ்குவால்ஸ்', சூறக்காத்து. இந்த ஆளு 'எஸ்' எழுதியிருக்கறதப் பாருங்க, பாம்பு மாதிரி."

அன்றைக்கு அவள் நகரவில்லை. நான் ஒரு மணி நேரமாகத் தடவிக்கொண்டிருந்த பக்கத்தைக் கடகடவென்று வாசித்துவிட்டாள். அப்புறம் அது எங்கள் இருவருடைய வேலையாகிவிட்டது. மூணாறில் சிக்னல் எப்போதும் தகராறு. போனைச் சமையலறை ஜன்னல் கம்பியில் செருகி வைத்தால்தான் கொஞ்சம் கிடைக்கும். அதனால் ஞாயிற்றுக்கிழமை காலைகளில் சமையலறை மேஜையில்தான் உட்காருவோம். அவள் கையெழுத்தைப் படிப்பாள், நான் கோடு போடுவேன். அடுப்பில் குழம்பு அடிப்பிடித்த நாட்கள் உண்டு. ஒரு கப்பலின் அதிகாரி தினமும் காற்றைப் பற்றி எழுதிவிட்டு, சாப்பாடு மோசம் என்று முடிப்பான். அவனை எங்களுக்கு ரொம்பப் பிடித்தது. அவன் பதிவு நின்றுபோன பக்கத்துக்கு வந்தபோது அவள் அழுதாள். துறைமுகத்தில் இறங்கி வேறு வேலைக்குப் போயிருப்பான், செத்திருக்க மாட்டான் என்று நான்தான் சமாதானம் சொன்னேன்.

காற்றை வைத்து மையத்தைக் கண்டுபிடிப்பது எப்படி என்று அவளுக்குச் சொல்லிக்கொடுத்ததும் அந்த மேஜையில்தான். பூமத்திய ரேகைக்கு வடக்கே, காற்றுக்கு முதுகைக் காட்டி நின்றால் புயலின் மையம் இடது கைப் பக்கம் இருக்கும். ஒரு எவர்சில்வர் டம்ளரைப் புயலாக வைத்தேன். அதற்கு வடக்கே ஓர் ஏலக்காயைக் கப்பலாக வைத்தேன். டம்ளரைக் கிழக்கிலிருந்து மேற்காக மெல்ல நகர்த்திக்கொண்டே சொன்னேன். முதலில் கப்பலுக்கு வடகிழக்குக் காற்று. டம்ளர் நேர் தெற்கே வரும்போது கிழக்குக் காற்று. அப்போதுதான் பாரமானி அடிமட்டத்துக்கு இறங்கும். தாண்டிப் போனதும் தென்கிழக்குக் காற்று, பாரமானி மறுபடி ஏறும். காலண்டர் தாளின் பின்பக்கத்தில் அளவுகளையும் ஓர் உதாரணத்துக்கு எழுதிக் காட்டினேன். அவள் டம்ளரை வாங்கித் தானே ஒருமுறை நகர்த்திப் பார்த்தாள்.

"இவ்வளவுதானாக்கா?" என்றாள்.

"இவ்வளவுதான். ஆனாக் கடல்ல எதுவுமே இப்படி நேரா வராது" என்றேன்.

எங்களுக்கென்று ஒரு புயலைக் கொடுத்தார்கள். இந்த வேலையை நடத்தியவர் தூர தேசத்தில் ஓய்வுபெற்ற வானிலை விஞ்ஞானி. வீடியோவில் வருவார், தன்மையாகப் பேசுவார். அந்தப் புயலின் பழைய கோடு அட்லாண்டிக்கின் மேற்கோரத் தீவுகளுக்குக் கிழக்கே வடக்காக வளைந்து நடுக்கடலில் முடிந்துவிடும். எனக்கு அந்த வளைவில் சந்தேகம். மற்ற கப்பல்களின் காற்றை வைத்துப் பார்த்தால் புயல் வளையாமல் நேராக மேற்கே போய்க் கரையைத் தொட்டிருக்க வேண்டும் என்று தோன்றியது. அதே சமயத்தில் ஒரு கரையோர ஊரில் பெரிய வெள்ளம் வந்ததாகப் பழைய செய்தித்தாள் ஒன்றிலும் இருந்தது. ஆனால் தோன்றினால் போதாது. புயல் கடந்த இடத்துக்குக் கொஞ்சம் வடக்கே ஒரு கப்பல் இருந்து, அது தன் காற்றைச் சொல்ல வேண்டும். மாதக்கணக்கில் தேடினோம்.

ஒரு நாள் நான் பரீட்சைத் தாள் திருத்தும் முகாமுக்குப் போய்விட்டுத் திரும்பியபோது அவள் வாசலிலேயே நின்றிருந்தாள்.

"கப்பல் கெடச்சிருச்சுக்கா!"

சரியான இடம், சரியான நாட்கள். தண்ணீர் பட்டு ஊறிய பக்கங்கள், படிக்கக் கண் வலித்தது, எப்படியோ படித்துவிட்டேன் என்றாள். தட்டச்சு செய்ததை நீட்டினாள். வடகிழக்கு, கிழக்கு, தென்கிழக்கு. பாரமானி இறங்கி, கிழக்குக் காற்றில் அடிமட்டம் தொட்டு, ஏறியது. நான் அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன். மூலப் பக்கத்தைத் திறந்து பார்க்க எனக்குத் தோன்றவே இல்லை. அவள் படித்துவிட்டாள் என்றால் நானே படித்த மாதிரி. புதுக் கோடு போட்டு அனுப்பினேன். விஞ்ஞானி மகிழ்ந்துபோனார். அறிக்கையில் எங்கள் இருவர் பெயரும் வரும் என்றார். பொன்னாடை அதற்குப் பிறகு வந்ததுதான்.

பூஜை லீவு தொடங்கியது. அவள் சின்னக்கானலுக்குப் போயிருந்தாள். அறிக்கையில் போட அந்தக் கப்பலின் பக்கத்துப் படம் ஒன்று வேண்டும், புயல் நாளின் கையெழுத்தைப் பார்க்க ஆசையாக இருக்கிறது என்று விஞ்ஞானி எழுதியிருந்தார். அவளைத் தொந்தரவு செய்ய வேண்டாம் என்று நானே தேடித் திறந்தேன்.

பக்கம் ஒன்றும் ஊறியிருக்கவில்லை. கையெழுத்து பளிச்சென்று இருந்தது. புயலுக்கு முந்தின நாள்வரை கட்டங்கள் நிரம்பியிருந்தன. அதற்கப்புறம் காற்றுக்கான கட்டம், பாரமானிக்கான கட்டம் எல்லாமே காலி. அந்தக் காலிக் கட்டங்களின் மேல் குறுக்காக, சாய்வாகச் சில வரிகள் எழுதியிருந்தார்கள். எதையும் குறிக்க முடியவில்லை என்றும், எல்லாரும் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தோம் என்றும், சமையல்காரரையும் தச்சரையும் அலை கொண்டுபோய்விட்டது என்றும் அதில் இருந்தது. அந்த இருவரின் பெயர்களும் இருந்தன. அவள் கொடுத்ததில் அந்த வரிகளே இல்லை.

முதலில் வேறு கப்பலைத் திறந்துவிட்டேனோ என்றுதான் நினைத்தேன். கப்பல் பெயர், நாள், இடம் எல்லாம் சரியாக இருந்தன. அவள் தட்டச்சு செய்ததைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். பாரமானி எவ்வளவு இறங்கியதோ அதே அளவு, அதே வேகத்தில் ஏறியிருந்தது. எந்தப் புயலும் எந்தக் கப்பலுக்கும் அத்தனை ஒழுங்காக வந்து போனதில்லை. அந்த எண்களை எனக்கு நன்றாகத் தெரியும். காலண்டர் தாளில் உதாரணத்துக்கு நான் எழுதிக் காட்டிய எண்கள். என் டம்ளரைத்தான் அவள் எனக்குத் திருப்பித் தந்திருந்தாள்.

போனில் கேட்க மனம் வரவில்லை. மறுநாள் மழைக்கு நடுவே ஜீப் பிடித்துச் சின்னக்கானலுக்குப் போனேன். வழியெல்லாம் அவளுக்காக நானே காரணங்கள் தேடிக்கொண்டிருந்தேன். வேறு யாராவது கொடுத்ததை நம்பியிருப்பாள். இரண்டு கப்பலைக் குழப்பியிருப்பாள். எஸ்டேட் தொழிலாளர்களின் லயத்து வீட்டு வாசலில் அவளுடைய அம்மா என்னைப் பார்த்ததும் ஓடி வந்தார்.

"வாங்க டீச்சர், வாங்க. இப்படி நனைஞ்சுட்டு வாறீகளே. உள்ள வாங்க. அவ கடைக்குப் போயிருக்கா, இப்ப வந்துருவா."

தலை துவட்டத் துண்டு கொடுத்தார். பால் இல்லாமல் கட்டஞ்சாயா போட்டுக் கொடுத்தார். அறையின் மூலையில் ஒரு புதுப் பெரிய பெட்டி, விலைச்சீட்டு இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது. பக்கத்தில் கம்பளிச் சட்டைகள் அடுக்கியிருந்தன. மூணாறுக் குளிருக்கு வாங்கியவை மாதிரி இல்லை அவை. நான் பார்ப்பதைப் பார்த்து அவர் முகமெல்லாம் சிரிப்பானார்.

"அங்க ஐஸா கொட்டுமாம்ல. அதான் தடிச்சதா எடுத்திருக்கா. எல்லாம் ஒங்களாலதான் டீச்சர். நீங்க அந்தப் புயல் வேலையச் சொல்லிக்குடுக்கலன்னா எம்மவளுக்கு யாரு வெளிநாட்டுல படிக்க எடம் குடுப்பா?"

நான் டம்ளரைக் கீழே வைத்தேன்.

"எப்பக் கெளம்பறாளுங்க?" என்று கேட்டேன். வேறு என்ன கேட்பது என்று தெரியவில்லை.

"வார மாசம். ஏன் டீச்சர், ஒங்ககிட்ட சொல்லலையா?" என்றவர் என் முகத்தைப் பார்த்துக் கொஞ்சம் தடுமாறினார். "நீங்கதான சேத்துவிட்டதுன்னு சொன்னா..."

"ஆமாங்க, சொன்னா. நாந்தான் மறந்துட்டேன்" என்றேன். அந்த அம்மாவிடம் வேறெதுவும் சொல்ல என்னால் முடியவில்லை.

அவள் குடையை மடக்கிக்கொண்டு உள்ளே வந்தாள். என்னைப் பார்த்தாள், பெட்டியைப் பார்த்தாள், மறுபடி என்னைப் பார்த்தாள். "வாங்கக்கா, வெளிய போயிப் பேசுவோம்" என்றாள். லயத்துக்குப் பின்னால் தேயிலைக்கு நடுவே போகும் ஜீப் ரோட்டில் நடந்தோம். மழை விட்டிருந்தது.

"அந்தக் கப்பலோட பக்கத்தைப் பாத்தேன் புள்ள" என்றேன்.

அவள் தேயிலை இலை ஒன்றைக் கிள்ளிக்கொண்டே நடந்தாள்.

"காத்து வடகெழக்குன்னு எழுதுனியே, எதைப் பாத்து எழுதுனே?"

"நீங்க டம்ளர வச்சுச் சொல்லிக்குடுத்தீங்கல்ல. அதுலருந்துதான்."

மறுக்கக்கூட இல்லை. மறுத்திருந்தால் ஒருவேளை நம்பியிருப்பேன், அதற்குத் தயாராகத்தான் வந்திருந்தேன்.

"ஏன்?"

"மத்த எல்லாக் கப்பலும் அந்தப் பக்கந்தான் கையக் காட்டுச்சு. இந்த ஒண்ணு மட்டுந்தான் கொறை. புயல் அப்படித்தான் போயிருக்கும்னு நீங்களே சொன்னீங்க."

"போயிருக்கும்னு சொன்னேன். போச்சுன்னு சொன்னனா?"

"எனக்கு மார்ச் வந்தா வேலை போயிரும்க்கா. ஒவ்வொரு வருசமும் போயிரும். ஒங்களுக்கு அது எப்படி இருக்கும்னு தெரியாது. அறிக்கையில பேரு வந்தா அங்க ஆராய்ச்சிக்கு எடம் வாங்கித் தர முடியும்னு அந்த விஞ்ஞானி சொன்னாரு."

"அவருகிட்ட நீ தனியாப் பேசுனயா?"

"ரெண்டு மூணு தடவ."

ஒரே சமையலறையில் இருந்துகொண்டு, ஒரே போன் சிக்னலில், எனக்குத் தெரியாமல் எப்போது பேசினாள் என்று யோசித்தேன். நான் கறிகாய் வாங்கப் போன நேரமாக இருக்கும்.

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லோணும்னு தோணலியா உனக்கு? என்ற பேரை எடுத்துப்போட்டு உன்ற பேரை மட்டும் போடச் சொல்லியிருப்பனே."

"குடுத்திருப்பீங்க, தெரியும். ஆனா குடுக்கறதுக்கு ஒரு புயல் இருக்கணும்லக்கா."

ரோடு வளையும் இடத்தில் நின்றேன். பிறகு கேட்டேன்.

"அந்தச் சமையக்காரரையும் தச்சரையும் எதுக்கு உட்டுட்டே?"

"அந்த வரி இருந்தா நீங்க பக்கத்தத் தேடிப் பாத்துருவீங்க" என்றாள். அப்புறம், கொஞ்சம் எரிச்சலோடு, "அவங்க செத்து எத்தன காலமாச்சு! இதுல இப்ப யாருக்கு என்ன நட்டம்?" என்றாள்.

சாப்பாடு மோசம் என்று எழுதிய ஒருவனுக்காக அழுத அதே பெண். அந்த அழுகை நிஜமா என்று அப்போதுதான் முதல்முறையாக எனக்குச் சந்தேகம் வந்தது. அவள் செய்ததிலேயே என்னை அதிகம் காயப்படுத்தியது எது என்று கேட்டால், அந்தச் சந்தேகத்தை எனக்குள் போட்டதைத்தான் சொல்வேன். அவள் அம்மாவிடம் சொல்லிக்கொள்ளாமலே கீழே வந்து ஜீப் ஏறினேன்.

மூணாறு திரும்பியதும் விஞ்ஞானிக்கு எழுதினேன். அந்தக் கப்பலில் புயல் நாட்களுக்குக் காற்றே பதிவாகவில்லை, நாங்கள் கொடுத்தவை புனைந்தவை, கோட்டைப் பழையபடி மாற்றிவிடுங்கள் என்று. பக்கத்தின் படத்தையும் இணைத்தேன். அவருடைய பதில் சீக்கிரமே வந்தது. மிகவும் அன்பான பதில். தன்னார்வலர்கள் வாசிப்பதில் பிழை வருவது சகஜம், நேர்மையாகச் சுட்டிக்காட்டியதற்கு நன்றி, கோட்டை மாற்றிவிடுகிறோம் என்றிருந்தார். வாசிப்புப் பிழை இல்லை, வாசிப்பதற்கு அங்கே ஒன்றுமே இல்லை என்று மறுபடி எழுதினேன். அதற்குப் பதில் வரவில்லை. அவளுக்காகச் சிபாரிசு செய்தவர் அவர்தானே, அவருக்கு அது வாசிப்புப் பிழையாகவே இருந்தால்தான் வசதி.

பள்ளிக்கூடத்தில் ஹெட்மாஸ்டரிடமும் சொன்னேன். அவர் நல்ல மனிதர், மலையாளமும் தமிழும் கலந்து பேசுவார். "அப்போ டீச்சரே, அசெம்பிளியில நம்ம கொடுத்தது?" என்று சங்கடமாகச் சிரித்தார். அதை மறுபடி அசெம்பிளியில் சொல்லத் தேவையில்லை என்றும் சொன்னார். நான் என் வகுப்புகளில் மட்டும் சொன்னேன். ஒரு பெண் எழுந்து, "அப்ப அந்தப் புயல் எங்க போச்சு டீச்சர்?" என்று கேட்டாள். தெரியாது என்றேன்.

அவள் தன் சாமான்களை எடுத்துப் போக வந்தது நான் வகுப்பில் இருந்த நேரத்தில். சாவியை ஜன்னலில் வைத்திருந்தாள். நான் வாங்கிக் கொடுத்த போர்வையை மடித்து என் கட்டிலில் வைத்திருந்தாள். அதை அவள் எடுத்துப் போயிருந்தால் கொஞ்சம் தேவலையாக இருந்திருக்கும்.

அதற்கப்புறம் அவள் படித்துக் கொடுத்த ஒவ்வொரு பக்கத்தையும் மூலத்தோடு ஒப்பிட்டுப் பார்க்க உட்கார்ந்தேன். மழைக்காலம் முழுக்க அதுதான் வேலை. எல்லாம் பொய்யாக இருக்கும் என்று எதிர்பார்த்தேன், உண்மையில் அப்படித்தான் இருக்க வேண்டும் என்று விரும்பினேன் போல. ஆனால் பக்கத்துக்குப் பக்கம் சரியாக இருந்தது. நான் பத்து நாள் உட்கார்ந்தாலும் படிக்க முடியாத வார்த்தைகளை அவள் படித்திருந்தாள். பாம்பு மாதிரி 'எஸ்' எழுதுகிறவனை ஓர் இடத்தில்கூடத் தவறவிடவில்லை. அந்த ஒரு கப்பலில், அந்த ஒரு புயலில் மட்டும்தான் கை வைத்திருந்தாள். அத்தனை உண்மையை அடுக்கி என் நம்பிக்கையைச் சம்பாதித்து, எனக்கு எது எல்லாவற்றையும்விட வேண்டியிருந்ததோ அதில் பொய்யை வைத்திருந்தாள். திட்டமிட்டுச் செய்தாளா, அந்த நேரத்துப் புத்தியா என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை.

அறிக்கை வெளிவந்தது. புயல் பழையபடி வடக்கே வளைந்து நடுக்கடலில் முடிந்திருந்தது. கரையில் வந்த வெள்ளத்துக்குக் காரணம் தெரியவில்லை என்று ஒரு வரி. நன்றி சொல்லும் பகுதியில் எங்கள் இருவர் பெயரும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. அந்தக் கப்பல் எங்குமே இல்லை. காற்றும் பாரமானியும் இல்லாத கப்பல் கணக்குக்கு உதவாது. தட்டச்சு செய்து ஏற்றும் இணையப் படிவத்தில் குறிப்புகளுக்கென்று ஓர் இடம் உண்டு. அங்கே அந்தச் சாய்வான வரிகளை, இரண்டு பெயர்களோடும், ஒரு எழுத்து விடாமல் நான் ஏற்றியிருந்தேன். அதை யாரும் திறந்து பார்ப்பார்கள் என்று நினைக்கவில்லை.

பொங்கலுக்குப் பாலக்காட்டு வீட்டில் இருந்தபோது ஒரு அழைப்பு வந்தது. வெளிநாட்டு எண். எடுத்துவிட்டேன்.

"அக்கா, நாந்தான்."

அவளே பேசிக்கொண்டு போனாள். பனி பெய்கிறது, ஜன்னலைத் திறக்க முடியவில்லை, அரிசி கிடைக்கிறது ஆனால் நம் அரிசி மாதிரி இல்லை. அம்மாவுக்குக் கால் வலி, போய்ப் பார்த்தீர்களா என்றாள். அங்கேயும் கப்பல்களைத்தான் படிக்கிறாளாம், அவள் அளவுக்கு வேகமாகப் படிக்க அங்கே யாரும் இல்லையாம். பெருமையாகச் சொல்லத் தொடங்கிப் பாதியில் நிறுத்திக்கொண்டாள். பின்னால் அண்ணன் யாரிடம் பேசுகிறாய் என்று சைகையில் கேட்டான். ஒன்றுமில்லை என்று தலையாட்டினேன்.

"இப்ப எந்தக் கப்பல்க்கா பாக்கறீங்க?" என்று கேட்டாள்.

"எல்லாத்தையும் உட்டுட்டேன் புள்ள. இப்ப ஒண்ணும் பாக்கறதில்ல" என்றேன்.

அது பொய். முந்தின ஞாயிற்றுக்கிழமைகூட ஒரு பக்கம் முடித்திருந்தேன், தனியாக, மெதுவாக. வேறொரு புயல். அவள் நம்பினாளா என்று தெரியவில்லை. உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லி வைத்துவிட்டாள். அவளிடம் பொய் சொன்னோமே என்று எனக்கு உறுத்தவே இல்லை.